ஒரு பலகையில் மூன்று பெயர்

கைகள் பச்சை வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன. இடது கையில் ஊதுவிளக்கு, வலது கையில் பட்டித் தகடு. நெருப்பு முன்னால் போக, தகடு ஒரு விரற்கடை பின்னால் தொடர்ந்தது. பச்சை நுரைத்துச் சுருண்டு ஆப்பிள் தோல் மாதிரிக் கீழே விழுந்தது. விளக்கு ஒரு நொடி கூடுதலாக நின்றால் மரம் கருகிவிடும். ஒரு நொடி முன்னால் நகர்ந்தால் வண்ணம் மறுபடி இறுகிவிடும். இரண்டுக்கும் இடையிலிருந்த வேகம் அந்தக் கைகளுக்கு மனப்பாடம்.

கொட்டகையின் கதவு ஏரியைப் பார்த்துத் திறந்திருந்தது. காலையிலிருந்தே ஏரி இல்லை. மூடுபனி மட்டும் இருந்தது. அதற்குள் எங்கோ ஒரு படகின் துடுப்புச் சத்தம் வந்து வந்து போயிற்று.

பலகையில் 'கினாவ்' என்ற பெயரின் முதல் எழுத்து போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது எழுத்தின் அடியில் தகடு எதிலோ லேசாகத் தட்டியது. வலது கை நின்றது. விளக்கை அணைத்துவிட்டு, ஆறிய இடத்தில் விரல் நுனியை வைத்துப் பார்த்தது. மரமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வளைவு மேடாகத் தட்டுப்பட்டது. வளைவுக்கு மேலே, தனியாக, மிளகளவுக்கு ஒரு புடைப்பு.

"அட, புள்ளி" என்றாள் அட்ராக்டா கில்ரேன், தனக்குத்தானே.

ஆலன் ஏரியின் மேற்குக் கரையில் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்தவள் அவள். எழுத்து வரைய யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் கல்லறைக் கற்களின் எழுத்துக் குழிகளில் விரலை ஓட்டியபடி நடப்பாள். எந்தக் கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்பதை விரல்தான் முதலில் படித்தது. பிறகு வீட்டு வாசல் கல்லில் தண்ணீரும் தூரிகையுமாக எழுதிப் பார்ப்பாள். காற்று வந்து அழிக்கும். மறுபடி எழுதுவாள். டோமினிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு கிழக்குக் கரைக்கு, டிரம்கீலுக்கு வந்தபோது அவன் சுவர்களுக்கு வண்ணம் பூசுகிறவன். கடைப் பலகையும் எழுதித் தருவான். சுவர் நன்றாக இருக்கும். எழுத்து மட்டும் சந்தையிலிருந்து திரும்புகிற கூட்டம் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். ஒருநாள் அவன் சாப்பிடப் போன நேரத்தில் ஏணியில் ஏறி இறைச்சிக் கடைக்காரரின் பெயரை இவள் முடித்துவைத்தாள். கடைக்காரர் கீழே நின்று பார்த்துவிட்டு, "டோமினிக், சாப்பாட்டுக்கு அடிக்கடி போயிட்டு வா" என்றாராம். அன்றிலிருந்து முப்பது வருடமாகச் சுவர் அவனுக்கு, எழுத்து அவளுக்கு. மதுக்கடை, மருந்துக்கடை, படகு, பால் வண்டி, கால்பந்துக் கொடி என்று அந்தக் கரையில் எழுதப்பட்ட பெயர்களில் பாதி அவள் கையெழுத்துத்தான்.

இந்தப் பலகை கினாவ் கடையினுடையது. விதை, தீவனம், ஆணி, தேயிலை, ரப்பர் காலணி எல்லாம் விற்கும் கடை. யூனா கினாவுக்கு அறுபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை, முட்டி இரண்டும் ஓய்ந்துவிட்டன. சனிக்கிழமை முதல் கடை ஃபெர்கல் ஃபோர்டின் கைக்குப் போகிறது. இருபது வருடமாக அந்தக் கடையில் மூட்டை தூக்கி, வண்டி ஓட்டி, கணக்குப் பார்க்கிறவன் அவன்தான். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சிக்கல் பலகையில் இருந்தது.

திங்கட்கிழமை யூனா தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"பழைய வண்ணத்தை எடுத்துட்டு, அதே பேரை அதே மாதிரி எழுதிக் குடு, பொண்ணே. கினாவ்னு இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான் மிச்சம். நான் போனா டெலிபோன் புத்தகத்துல அந்த வரி காலி. பலகையிலயாவது இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை ஃபெர்கல் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு கதவோரமே நின்றான்.

"ஃபோர்ட்னு எழுதுங்க. இருபது வருஷம் அந்தம்மா பேருக்குக் கீழே நின்னுட்டேன். இனியும் அந்தப் பேருதான்னா நான் வேலைக்காரன்தானே. காரிக் டவுன்ல மாட்டுச் சந்தை ஆபீஸ்ல வேலை தரேன்னு சொல்லியிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

"யூனாகிட்ட இதைச் சொன்னியா?"

"சொன்னேன். 'ஃபோர்டா? எவனோ இங்கிலீஷ் சிப்பாய் விட்டுட்டுப் போன பேரு, அதை என் கதவுமேல ஏத்தணுமா'ன்னாங்க."

ஒரே பலகைக்கு இரண்டு பெயர். புதன்கிழமை காலை, எதுவானாலும் பழைய வண்ணத்தை எடுத்துத்தானே ஆக வேண்டும் என்று அட்ராக்டா வேலையைத் தொடங்கியிருந்தாள். இப்போது விரலுக்கடியில் ஒரு புள்ளி.

புள்ளி என்றால் அவளுக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். அப்போதெல்லாம் ஐரிஷ் மொழியைப் பழைய எழுத்தில்தான் எழுதினார்கள். தலையில் புள்ளி ஏறினால் எழுத்து தன் வலுவை விட்டு மூச்சாகிவிடும். 'ஸ' காற்றாகும். 'ம' உதடு ஒட்டாமல் 'வ' ஆகும். புள்ளியை மறந்தால் கன்னியாஸ்திரீ விரல் முட்டியில் அளவுகோலால் தட்டுவார். பிற்பாடு பாடநூல்களில் புள்ளியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். அட்ராக்டாவுக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை. ஒரு புள்ளி செய்கிற வேலைக்கு ஒரு முழு எழுத்தா என்பாள்.

ஊதுவிளக்கை ஓரமாக வைத்தாள். உப்புத்தாளை ஈரத்தில் நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். பச்சை கரைந்து பாலாக வழிந்தது. குளத்தின் அடியிலிருந்து மீன் எழும்புகிற மாதிரி, மங்கிய மஞ்சளில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பழைய வடிவ எழுத்துகள்தான், சந்தேகமில்லை. முதலில் 'மக்' என்று வந்தது, மகன். அடுத்து நீளமாக ஒரு சொல். அதில் இரண்டு எழுத்துகளின் தலையில் புள்ளி.

வாய்க்குள் படித்துப் பார்த்தாள். மக் கொனாவ. இன்னொரு முறை, வேகமாக. மக்கொனாவ. கினாவ்.

புள்ளிகளை மனசுக்குள் எடுத்துவிட்டுச் சொல்லைப் பிரித்தாள். பின்பாதி 'ஸ்னாம்', அதாவது நீச்சல். முன்பாதி 'கூ', வேட்டைநாய். இன்னாருடைய என்று சொல்ல வரும்போது 'கொன்' ஆகும். அந்த நாட்டில் ஒரு காலத்தில் வீரனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. தலைவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆசையாக வைத்த பெயர். நீந்தும் வேட்டைநாயின் மகன்.

அவள் நிமிர்ந்து கதவுக்கு வெளியே பார்த்தாள். மூடுபனி அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்குள் இப்போது ஏதோ ஒன்று நீந்துவதாகத் தோன்றியது. சாம்பல் நிறத் தலை மட்டும் நீருக்கு மேலே. மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் நீர் விரிந்து கொண்டே போகிறது. பின்னால் யாரும் துரத்தவில்லை, முன்னால் கரை தெரியவில்லை, அவசரமும் இல்லை. எத்தனை நூறு வருடம் முந்தைய காலையோ. அந்தக் கரையில் நின்று பார்த்த யாரோ ஒருவர், பிறந்த தன் பிள்ளைக்கு அந்தக் காட்சியையே பெயராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. உப்புத்தாள் கையில் காய்ந்துவிட்டிருந்தது.

"ஏம்மா, தண்ணியைப் பார்க்கவா உனக்குக் கொட்டகை கட்டிக் குடுத்தேன்?" டோமினிக் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றான்.

"இங்க வா. இதைப் பாரு."

அவன் குனிந்து பார்த்தான். "அந்தக் காலத்து எழுத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது, இருபதா இருக்கும். ஊர்ல பாதிப் பேரு பேரை ஐரிஷுக்கு மாத்தி எழுதின நேரம். லாரியில இங்கிலீஷ் சிப்பாய்ங்க வந்து இறங்கினதும் பயந்து ராத்திரியோட ராத்திரியா பச்சை பூசியிருப்பாங்க." கோப்பையைப் பலகையின் வலது முனையில் வைக்கப் போனவன் நிறுத்தினான். "அது சரி, இந்தப் பக்கம் அடியில இன்னொண்ணு இருக்குதே."

வலது முனையில் மஞ்சளும் உதிர்ந்திருந்தது. அதற்கும் கீழே, மரத்தை ஒட்டி, கறுப்பில் தங்க ஓரம் வைத்த பழைய ஆங்கில எழுத்துகள். அட்ராக்டா ஈரத் துணியால் துடைத்தாள். 'ர்ட்' என்பது முதலில் தெரிந்தது. துடைத்துக்கொண்டே இடது பக்கமாக நகர்ந்தாள். ஜேம்ஸ் ஃபோர்ட், விதை வணிகர்.

அட்ராக்டா துணியைப் பிழிந்து ஓரமாக வைத்தாள்.

"யூனாவோட தாத்தா பேரு ஜேம்ஸ்தானே?" என்றாள்.

"ம்."

"உனக்குத் தெரியுமா இது?"

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த வருஷங்களைப் பத்திக் கேட்டா அடுப்புல ரொட்டியைத் திருப்பிப் போடுவா. நாலு தடவை கேட்டா நாலு தடவை திருப்புவா. கருகின ரொட்டி சாப்பிட முடியாம நான் கேக்கிறதை விட்டுட்டேன்."

ஃபோர்ட் என்றால் ஆங்கிலத்தில், தண்ணீருக்குள் நடந்தே கடக்கிற துறை. அட்ராக்டா அதைச் சொல்லிப் பார்த்தாள். ஐரிஷில் துறைக்கு 'ஆஹ'. நீச்சலுக்கு, புள்ளி வைத்த பிறகு, 'னாவ'. மக்கொன்-ஆவ. மக்கொன்-ஆஹ. பல் இல்லாத கிழவர் ஒருவர், ஐரிஷ் அரைகுறையாகத் தெரிந்த குமாஸ்தா முன்னால் நின்று, மழைச் சத்தத்தில் பெயர் சொல்லியிருப்பார். குமாஸ்தாவின் காதில் துறை விழுந்திருக்கிறது. அவர் ஃபோர்ட் என்று எழுதிவிட்டார். ஆழத்தில் நீந்திய நாயை முழங்கால் தண்ணீரில் நிறுத்திவிட்டார்.

"ஆலன் ஏரியில நடந்து கடக்கிற இடம் எங்கயாவது இருக்கா, டோமினிக்?"

"இருந்தா நான் ஏன் படகுக்குத் தார் பூசிட்டு இருக்கேன்?"

அவள் வேலையை அங்கேயே நிறுத்தினாள். ஓரங்களில் பச்சையும் கினாவ் என்ற பெயரின் துண்டுகளும் மிச்சம். நடுவில் மஞ்சள் எழுத்து. வலது பக்கத்தில் ஃபோர்ட். டோமினிக்கை அனுப்பி இரண்டு பேரையும் அழைத்துவரச் சொன்னாள். ஒருவர் வருவதை மற்றவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினாள்.

யூனாதான் முதலில் வந்தாள். பலகையைப் பார்த்ததும் தடியை இன்னும் அழுத்தி ஊன்றினாள்.

"அழிக்கச் சொன்னேன். தோண்டச் சொல்லலையே."

"இந்த நடு எழுத்துதான் உங்க பேரு, யூனா. நீந்துற வேட்டைநாயோட மகன்னு அர்த்தம்."

"என்னை நாய் மகள்னு சொல்லத்தான் இந்த முட்டியோட இவ்வளவு தூரம் நடக்க வெச்சியா?"

"மகள்னா 'மக்' வராது, 'நிக்'னு வரும்" என்றான் டோமினிக். அட்ராக்டா அவனைப் பார்த்த பார்வையில் தேநீரைக் குடித்தான்.

அதற்குள் ஃபெர்கல் வந்துவிட்டான். யூனாவைக் கண்டதும் திரும்பப் போனவன், பலகையின் வலது முனையைப் பார்த்து நின்றான். நீண்ட நேரம் பார்த்தான்.

"இது பழைய பலகை" என்றாள் யூனா, யாரும் கேட்காமலேயே. "எங்க தாத்தா ஏலத்துல வாங்கினது. யாரோ ஃபோர்டோடது."

"ஜேம்ஸ் ஃபோர்ட்" என்றாள் அட்ராக்டா. "விதை வணிகர்."

"ஜேம்ஸுக்கா பஞ்சம் இந்த நாட்டுல?"

ஃபெர்கல் தொப்பியைச் சுருட்டிக்கொண்டே பேசினான். "எங்க தாத்தா பீட்டர் கிளாஸ்கோவுல கப்பல் பட்டறையில இருந்தாரு. அப்பாவைக் கைக்குழந்தையா இங்கேயிருந்து தூக்கிட்டுப் போனவரு. ஏன் போனாருன்னு கடைசிவரை சொல்லல. ஆனா சாகிற வரைக்கும் இந்த ஏரியைப் பத்திப் பேசுவாராம். எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் அலை வரும்னு. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அப்பா எங்களைக் கூட்டிக்கிட்டு இங்க திரும்பி வந்தாரு." நிறுத்தினான். "தாத்தாவோட அப்பா பேரு ஜேம்ஸ். அது எனக்குத் தெரியும், மிஸ் கினாவ்."

யூனா மெல்ல நடந்து பலகையின் அருகே வந்தாள். அட்ராக்டா ஒரு பெட்டியை நகர்த்திப் போட்டாள். அவள் உட்கார்ந்து, வலது முனையில் இருந்த எழுத்துகளின்மேல் கையை வைத்தாள். பார்ப்பதற்காக வைத்ததாகத் தெரியவில்லை. மூடுவதற்காக வைத்த மாதிரி இருந்தது.

"வண்ண டப்பாவை நான்தான் பிடிச்சிட்டு நின்னேன்" என்றாள். "எனக்குப் பத்து வயசு. இங்கிலீஷ்காரங்களோட போட்ட ஒப்பந்தத்துக்கு ஒருத்தன் ஆமான்னான், ஒருத்தன் இல்லேன்னான், அந்த வருஷம். எங்கப்பா மைக்கேல் ஆமான்னாரு. உங்க தாத்தா இல்லேன்னாரு. ஒரே வீட்டுல பிறந்த ரெண்டு பேரு, ஏரியில ஒரே துடுப்பைப் பிடிச்சவங்க, ஆளுக்கொரு துப்பாக்கியை எடுத்துக்கிட்டுப் போனாங்க. சுட்டுக்கல, அது ஒண்ணுதான் மிச்சம். அவரு கப்பல் ஏறின அன்னிக்கு எங்கப்பா ஏணி போட்டு ஏறினாரு. 'அவன் வெச்சிருக்கிற பேரு என் கதவுமேல வேணாம்'னாரு. ஃபோர்டும் வேணாம், அந்த ஐரிஷ் பேரும் வேணாம், ரெண்டும் அவனுக்கும் சேர்ந்தது. கிழவங்க வாயில கினாவ்னு ஒண்ணு புழங்கிட்டு இருந்துச்சு. அதை எழுதினாரு. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் பேசல. அப்புறம் தெரிஞ்சவங்க எல்லாம் செத்துப் போயிட்டாங்க."

"அப்ப அந்த இங்கிலீஷ் சிப்பாய்?" என்றான் ஃபெர்கல்.

"அது நானா சொன்னது."

ஃபெர்கல் தொப்பியைத் தலையில் வைத்தான். மறுபடி எடுத்தான். "இருபது வருஷம்" என்றான். "உங்க பெரியப்பா பேரன்தான் மூட்டை தூக்குறான்னு தெரிஞ்சே இருந்தீங்க. ஏன் சொல்லல?"

யூனா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "முதல்ல நீ எப்படிப்பட்டவன்னு தெரியல. அப்புறம் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் சொன்னா, ஏன் இவ்வளவு நாள் சொல்லலைன்னு கேப்பியேன்னு சொல்லல. அப்படியே ஒவ்வொரு வருஷமா போச்சு." கையைப் பலகையிலிருந்து எடுத்தாள். "தவிர, வேலைக்காரன்னா திட்டலாம். வீட்டு ஆளைத் திட்டினா திருப்பித் திட்டுவான்."

"நான் உங்களைத் திட்டினதே இல்ல."

"அதான் சொல்றேன்."

டோமினிக் சிரித்துவிட்டான். பிறகு ஃபெர்கலும், வேண்டாவெறுப்பாக, மூக்கின் வழியாகச் சிரித்தான். ஆனால் தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவு வரை போய்விட்டான். அவன் இப்போது வாசலைத் தாண்டினால் நேரே காரிக்தான்.

"ஃபெர்கல்" என்றாள். "நான் என்ன எழுதட்டும்? அதைச் சொல்லிட்டுப் போ."

அவன் ஏரியைப் பார்த்தபடி நின்றான். பனி கொஞ்சம் விலகி, தண்ணீர் கையளவுக்குத் தெரிந்தது.

"அந்த நாய்" என்றான். "நான் வரும்போது நீந்துறதுன்னு சொல்லிட்டிருந்தீங்களே. அது நிசமாத்தான் இருக்கா எழுத்துல?"

"ரெண்டு புள்ளிக்கு அடியில இருக்கு. எடுத்தா தெரியும்."

"துறைன்னா எனக்கு என்னிக்குமே ஒட்டல. ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்க, ஃபோர்ட்னா மிதிச்சிட்டுப் போற இடம்னு." அவன் திரும்பினான். "நடுவுல இருக்கிறதை எழுதுங்க. அவங்களுக்குச் சம்மதம்னா."

எல்லோரும் யூனாவைப் பார்த்தார்கள்.

"முன்னால இனிஷியல் வருமா?" என்றாள் யூனா.

"வராது" என்றாள் அட்ராக்டா. "இனிஷியல் வெச்சா ஒருத்தருது ஆயிடும்."

"தெரு முனையிலேர்ந்து படிக்க முடியுமா?"

"முடியிற மாதிரி எழுதறேன்."

"புள்ளியா, இந்தப் புதுப் புத்தகத்து எழுத்தா?"

"புள்ளி."

யூனா தடியை ஊன்றி எழுந்தாள். "அப்பாவுக்குப் பிடிக்காது" என்றாள். கதவருகே ஃபெர்கலின் முன் நின்றாள். "மிஸ் கினாவ்னு இனிமே கூப்பிடாதே. அத்தைன்னு கூப்பிடு."

"வாய்ல வரல" என்றான் ஃபெர்கல்.

"வரப் பழகு. சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."

வியாழனும் வெள்ளியும் அட்ராக்டா கொட்டகையை விட்டு வரவில்லை. மூன்று பெயர்களையும் மரம்வரை எடுத்தாள். எடுப்பதற்கு முன் மஞ்சள் எழுத்தின்மேல் மெல்லிய தாளை விரித்துப் பென்சிலால் பதிவு எடுத்துக்கொண்டாள். பிரைமர் ஒரு பூச்சு, காயவிட்டுத் தேய்த்து இன்னொரு பூச்சு. அதன்மேல் பச்சை வேண்டாம் என்று முடிவு செய்து, மழைக்கு முந்தைய ஏரியின் நிறத்தில் கரும் நீலத்தைக் கலந்தாள். மூன்று முறை கலந்து, இரண்டு முறை கொட்டினாள். சாக்கட்டி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டாள். பழைய எழுத்துக்காரர் நெருக்கி எழுதியிருந்த இடத்தில் மூச்சுவிட இடம் கொடுத்தாள். கையைத் தாங்கும் குச்சியைப் பலகையில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை வைத்து, ஒவ்வொரு வளைவையும் ஒரே இழுப்பில் இழுத்தாள். பசை பூசி, அது விரலில் ஒட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கிற பதத்துக்கு வரும்வரை காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில்தான் மறுபடி அந்த நாய் நீந்திப் போயிற்று. எத்தனை பேர் வாயில் எப்படியெல்லாம் அடிபட்டும் அது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பிறகு மூச்சை அடக்கித் தங்க ரேக்கை வைத்தாள். புள்ளிகளுக்குத் தனியாக ஒரு ரேக்கு வெட்டினாள்.

சனிக்கிழமை காலை வெயில். பலகையைப் போர்வையில் சுற்றி டோமினிக்கின் வண்டியில் கட்டி எடுத்துப் போனார்கள். கடைவாசலில் ஃபெர்கல் ஏணியோடு தயாராக இருந்தான். யூனா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அட்ராக்டா போர்வையை அவிழ்த்தாள்.

யூனா நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டடி முன்னால் வந்தாள். உதடு அசைந்தது. ஒரு முறை சத்தமில்லாமல், பிறகு சத்தமாகச் சொன்னாள்: "மக் கொனாவ."

"சரியாச் சொன்னீங்க" என்றாள் அட்ராக்டா. "ஃபெர்கல், வா, பிடி. கனமா இருக்கு."

ஃபெர்கல் வலது முனையைப் பிடித்தான். டோமினிக் இடது முனைக்குப் போகும்முன், யூனா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த முனையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"முட்டி?" என்றான் டோமினிக்.

"ஏணி வரைக்கும்தானே. கை நல்லாத்தான் இருக்கு."

"அத்தை" என்றான் ஃபெர்கல், பலகைக்கு மேலாகப் பார்த்து. "உங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்க. சாயுது."

அவள் தூக்கினாள். அட்ராக்டா பலகையிலிருந்து கையை எடுத்தாள்.